சிஎன்சி மெஷின் சொல்பேச்சை எவ்வளவு கேட்க வேண்டும்? கன்ட்ரோலரைச் சரியாகச் செட் செய்ய ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் சிஎன்சி ஷெட்டில் (எழுதிய புரோகிராம்படி, கன்ட்ரோலர் என்ற கணினி ஓட்டும் வெட்டு மெஷின்கள்), டூல் அலமாரியின் மேல் ஒரு பழைய கிளாம்ப், அதாவது ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் துண்டு, கிடக்கிறது. தலை பாதி பிய்ந்து போயிருக்கும். பிய்ந்த இடத்தில் பத்து மில்லி எண்ட் மில்லின் (பக்கவாட்டிலும் வெட்டும் டூல்) வளைவு அச்சாகப் பதிந்திருக்கும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களிடம் முதல் நாள் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

நடந்தது இதுதான். புதிய விஎம்சியில் (ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கும் சிஎன்சி மில்லிங் மெஷின்) மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு புரோகிராமைப் பழைய மெஷினுக்கு மாற்றினோம். புரோகிராமில் எல்லா எண்களிலும் தசமப் புள்ளி இருந்தது. நடுவில் யாரோ கையால் சேர்த்த ஒரு வரியில் மட்டும் இல்லை: ஜி00 இசட்50. ஜி00 என்றால் வெட்டாமல் முழு வேகத்தில் நகர், இசட் என்றால் மேல் கீழ் அச்சு. புதிய மெஷின் அதை 50 மில்லி என்று படித்தது. பழையது, புள்ளி இல்லாத எண்ணை மைக்ரான் கணக்கில் படிக்கும்; 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லி. டூல் ஜாப்பை விட்டு ஒரு தலைமுடி கனம்கூட எழும்பவில்லை. அடுத்த வரி ஜி00-இல் எக்ஸ் நகர்வு. வழியில் கிளாம்ப்.

“அண்ணே, நான் எதையும் மாத்தலை. அதே புரோகிராம்தான்” என்றான் பையன். அவன் சொன்னது உண்மை. மெஷினும் எழுதியதை எழுதியபடியே செய்திருந்தது. ஸ்பிண்டில் ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பார்த்துச் சரிசெய்ய ஒரு வாரம் போனது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வியை ஒழுங்காக யோசிக்க ஆரம்பித்தேன். “கன்ட்ரோலர் புரோகிராமை அப்படியே பின்பற்ற வேண்டுமா, கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமா?” என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. வரியின் பொருள், போய்ச் சேரும் இடம், போகும் பாதை, வேகம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒன்றில் மயிரிழைகூட விடக்கூடாது. இன்னொன்றில் விடாவிட்டால் ஜாப் கெட்டுவிடும். விடுவதாக இருந்தால் எவ்வளவு என்று ஓர் எண் வேண்டும். அந்த எண்ணைத் தருவது நாமாக இருக்க வேண்டும்.

படி 1: புரோகிராமை அச்செடுத்து நிறம் தீட்டுங்கள்

திரையில் பார்க்காமல் தாளில் எடுங்கள். மூன்று ஸ்கெட்ச் பேனா போதும். துளை போடும் இடங்கள், பேரிங் உட்காரும் போர் (அளவாகக் குடைந்த துளை), டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவில் அனுமதித்த வித்தியாசம்) இறுக்கமாக இருக்கும் முகங்கள் எல்லாவற்றுக்கும் சிவப்பு. ரஃபிங் (ஃபினிஷுக்கு முந்தைய முரட்டு வெட்டு) வரிகளுக்குப் பச்சை. டேப் (துளைக்குள் மரை வெட்டும் டூல்), த்ரெட் இரண்டுக்கும் நீலம். ஏன் தனி நிறம் என்று பிறகு சொல்கிறேன். ஜி00 வரிகளில் நிறம் வேண்டாம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

இதைச் செய்யும்போதே ஒரு விஷயம் கண்ணில் படும். தாளில் பாதிக்கு மேல் பச்சையாக இருக்கும். சிவப்பு வரிகளுக்கு வேண்டிய கண்டிப்பை மொத்தப் புரோகிராமுக்கும் போட்டு நேரத்தை வீணாக்கும் ஷெட்டுகள் நிறைய. பச்சைக்கான தளர்வைச் சிவப்புக்கும் கொடுத்துவிட்டு ரிஜெக்ஷன் வாங்கும் ஷெட்டுகளும் இருக்கின்றன.

படி 2: வரியின் பொருளில் ஊகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்

இங்கே கண்டிப்பு முழுதாக வேண்டும். வரி புரியவில்லை என்றால் மெஷின் நிற்க வேண்டும், அலாரம் கொடுக்க வேண்டும். “இதைத்தான் சொல்லியிருப்பார்” என்று தானாக ஒன்றைச் செய்யக்கூடாது.

முதலில் புள்ளி. ஃபானுக் கம்பெனியின் கன்ட்ரோலரில் 3401-ஆம் பாராமீட்டரின் (கன்ட்ரோலருக்குள் சேமித்து வைத்த செட்டிங்) பூஜ்யமாவது பிட் இதை முடிவு செய்கிறது. ஷெட்டில் இருக்கும் எல்லா மெஷினிலும் இது ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வேறு வேறாக இருந்தால், மாற்றுவதற்கு முன் அந்த மெஷினில் இருக்கும் பழைய புரோகிராம்கள் எதை நம்பி எழுதப்பட்டவை என்று பார்க்க வேண்டும். எப்படியானாலும் எழுதும்போது புள்ளி போடும் பழக்கம் வரட்டும்.

அடுத்தது மோடல் கட்டளைகள். ஜி90 (பூஜ்யப் புள்ளியிலிருந்து அளவு), ஜி91 (இருக்கும் இடத்திலிருந்து அளவு), ஜி20 (அங்குலம்), ஜி21 (மில்லி), ஜி40 (டூல் ரேடியஸ் ஈடு ரத்து), ஜி80 (துளை சைக்கிள் ரத்து) எல்லாம் ஒருமுறை சொன்னால் மாற்றும் வரை நிற்பவை. முந்தைய புரோகிராம் ஜி91-இல் பாதியில் நின்றிருந்தால், அடுத்து வருவது அந்த எச்சத்தோடு தொடங்கலாம். ஒவ்வொரு டூலின் ஆரம்பத்திலும் இவற்றைத் திரும்பச் சொல்லும் ஒரு பாதுகாப்பு வரி எழுதுவது இதற்காகத்தான். புரோகிராமின் தலையில் மட்டும் எழுதினால் போதாது. பாதியிலிருந்து ஓட்டும் நாள் கட்டாயம் வரும்.

மூன்றாவது ஆர்க், அதாவது வட்ட வில். ஜி02, ஜி03 வரியில் மையத்தை ஐ, ஜே என்று கொடுக்கும்போது, ஆரம்பப் புள்ளியிலிருந்து மையத்துக்கும் முடிவுப் புள்ளியிலிருந்து மையத்துக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். கேம் (டிராயிங்கிலிருந்து புரோகிராம் எழுதித் தரும்) மென்பொருள் மூன்று தசமத்தில் வெட்டி எழுதுவதால் ஒரு மைக்ரான் கூடக்குறைய வரும். அதற்கெல்லாம் அலாரம் வந்தால் வேலை ஓடாது. ஃபானுக்கில் 3410 இந்த வித்தியாசத்துக்கு வரம்பு வைக்கிறது. மீறினால் 020 அலாரம். அங்கே பூஜ்யம் போட்டால் “துல்லியமாக இரு” என்று அர்த்தம் இல்லை, சோதனையே வேண்டாம் என்று அர்த்தம். இதில் ஏமாந்தவர்கள் பலர். நான் 0.01 அல்லது 0.02 மில்லி வைப்பேன். கையால் ஐ, ஜே எழுதும்போது கழித்தல் குறியை விட்டுவிட்டால் அதிலேயே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

041 அலாரமும் இந்த வகைதான். டூல் ரேடியஸ் 5, உள் வளைவு 4 என்றால், ஜி41-இல் (டூல் ரேடியஸ் அளவுக்குப் பாதையைத் தள்ளும் கட்டளை) கன்ட்ரோலர் வெட்ட மறுக்கும். திட்டாதீர்கள். அது ஜாப்பைக் காப்பாற்றுகிறது.

இடையில் கொஞ்சம் பழைய கதை

அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வகம் எண்களால் ஓடும் மில்லிங் மெஷினைக் காட்டியது 1952-இல். துளையிட்ட நாடாவில் எண்கள் வரும், மெஷின் நகரும். அதற்கு யோசிக்கத் தெரியாது, அதனால் கீழ்ப்படிதல் பற்றிய கேள்வியே எழவில்லை. ஜி00 போன்ற கட்டளைகளின் மொழியான ஜி-கோடு அந்த நாடா காலத்தது. ஆர்எஸ்-274-டி என்ற தரநிலை 1980-இல் வந்தது, அப்புறம் ஐஎஸ்ஓ 6983. “டூலை இங்கே நகர்த்து” என்று சொல்ல அதில் வழி உண்டு. “இது பேரிங் உட்காரும் போர், கவனம்” என்று சொல்ல வழி இல்லை. அந்தத் தகவல் டிராயிங்கிலும் செட்டரின் தலையிலும்தான் இருக்கிறது. படி 1-இல் நிறம் தீட்டச் சொன்னது அதற்காகத்தான்.

படி 3: கேள்விக்குறி போட்ட ஜி00 வரிகள்

ஜி00 எக்ஸ்100. ஒய்20. என்று எழுதினால் டூல் நேர்கோட்டில் போகும் என்று நினைக்கிறோம். பல மெஷின்களில் போகாது. இரண்டு அச்சும் தத்தம் முழு வேகத்தில் கிளம்பும். ஒய் 20 மில்லியில் முடிந்துவிடும், மிச்சம் 80 மில்லியை எக்ஸ் தனியாக ஓடும். பாதை வளைந்த ஹாக்கி மட்டை போல இருக்கும். சிமுலேஷனில் நேர்கோடாகக் காட்டிய இடத்தில் கிளாம்ப் தட்டுவது இதனால்தான். ஃபானுக்கில் 1401-இன் பிட் 1-ஐ (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது) 1 ஆக்கினால் நேர்கோட்டில் போகும். என் கருத்தில் விஎம்சியில் அது 1 ஆகவே இருக்கட்டும். கொஞ்சம் நேரம் கூடினாலும் கிளாம்ப் மிஞ்சும்.

படி 4: பாதை — மூலையில்தான் விஷயம் இருக்கிறது

இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு கணக்கு, ஒரு சோதனை.

கட்டளை சொல்லும் இடத்தில் அச்சு அந்த நொடியில் இருக்காது, எப்போதும் கொஞ்சம் பின்னால்தான் வரும். எவ்வளவு பின்னால் என்பதை, அச்சை ஓட்டும் மோட்டார் அமைப்பான சர்வோவின் பொசிஷன் கெயின் தீர்மானிக்கும். ஃபானுக்கில் 1825-இல் 3000 என்று இருந்தால் கெயின் நொடிக்கு 30. ஃபீட் (வெட்டும்போது டூல் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 1800 மில்லி என்றால் நொடிக்கு 30 மில்லி. முப்பதை முப்பதால் வகுத்தால் ஒன்று. அச்சு ஒரு மில்லி பின்தங்கி ஓடுகிறது. டயக்னாஸ்டிக் 300-ஐத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், எண் கண் முன்னே ஏறி இறங்கும்.

நேர்கோட்டில் இதனால் தொல்லை இல்லை. பின்தங்கினாலும் வந்து சேர்ந்துவிடும். 90 டிகிரி மூலையில் எக்ஸுக்கு இன்னும் ஒரு மில்லி பாக்கி இருக்கும்போதே ஒய் கிளம்பிவிட்டால், டூல் மூலையைத் தொடாமல் குறுக்கே வளைந்துவிடும். வேறு எந்த உதவியும் இல்லாத சர்வோவில், இந்தக் கணக்குப்படி மூலையிலிருந்து சுமார் அரை மில்லி தள்ளிப் போகும். ஃபீட் 300 என்றால் பின்தங்கல் 0.17, மூலை இழப்பு 0.1-க்கும் உள்ளே. ஃபீட் ஃபார்வர்டு (பின்தங்கலை முன்கூட்டியே ஈடுகட்டும் வசதி) இருக்கும் மெஷினில் எல்லாமே இன்னும் குறையும்.

வெளி மூலையில் இது பெரும்பாலும் தெரியாது. டூல் மையம் ஜாப்பின் மூலையிலிருந்து தள்ளித்தான் சுற்றுகிறது, அதனால் அங்கே தாராளமாக இடம் இருக்கிறது. உள் மூலையில், அதாவது பாக்கெட்டில்தான் மாட்டும். அங்கே மெட்டீரியல் மிஞ்சும், உள்ளே பொருத்த வேண்டிய இன்சர்ட் துண்டு உட்காராது. வெர்னியர் வைத்துப் பக்கத்துக்குப் பக்கம் அளந்தால் 40.00 சரியாகக் காட்டும். அளவு சரி, ஆனால் பொருந்தாது. கஸ்டமரோடு வாக்குவாதம் வருவதும் இங்கேதான்.

சோதனை இது. ஒரு அலுமினியத் துண்டில் 40க்கு 40 சதுர பாக்கெட், ஆழம் 2 மில்லி, பத்து மில்லி எண்ட் மில். சுற்றிலும் 0.2 விட்டு ரஃபிங் செய்து, கடைசிச் சுற்றைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். டூல் மையம் 30க்கு 30 சதுரத்தில் ஓட வேண்டும். உள்ளே நுழைவது பக்கத்தின் நடுவில், மூலையில் வேண்டாம். முதல் பாக்கெட்டை ஜி64-இல் (நிற்காமல் ஓடும் முறை), ஃபீட் 1800-இல் வெட்டுங்கள். இரண்டாவதை ஜி64-இலேயே 300-இல். மூன்றாவதை ஜி61-இல் (நின்று நின்று போகும் முறை) 1800-இல். இப்போது வெர்னியரின் உள் தாடைகளை மூலைக்கு மூலை குறுக்காக வைத்து அளங்கள். சரியான அளவு 52.43. எங்கள் பழைய மெஷினில் முதல் பாக்கெட்டில் அரை மில்லிக்கு மேல் குறைந்தது. மூன்றாவதில் வித்தியாசம் வெர்னியரில் தெரியவே இல்லை. ஆனால் மூலையில் டூல் ஒரு கணம் நின்று தேய்த்த வட்டத் தழும்பு நகத்தில் தட்டுப்பட்டது.

ஜி61 என்றால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் நின்று, இடத்துக்கு வந்துவிட்டோமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. ஜி64 என்றால் நிற்காமல் ஓடு. ஒரே ஒரு மூலைக்கு மட்டும் வேண்டும் என்றால் அந்த வரியில் ஜி09 போதும். நான் அதிகம் எழுதுவது ஜி09-தான். மொத்தப் புரோகிராமுக்கும் ஜி61 போட்டுவிட்டு ஃபினிஷ் வரவில்லை என்று டூலை மாற்றிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். சொன்னால் கோபிப்பார், அதனால் யார் என்று சொல்லமாட்டேன்.

கேமிலிருந்து வரும் வளைந்த பரப்புகளில் கதையே வேறு. 0.1 மில்லி நீளக் குட்டிக் குட்டிக் கோடுகள், ஃபீட் நிமிடத்துக்கு 3000. ஒரு கோட்டைக் கடக்க 2 மில்லிசெகண்ட், நொடிக்கு ஐந்நூறு வரி. ஒவ்வொன்றிலும் நின்றால் மெஷின் தந்தியடிப்பது போல் அதிரும். இங்கே கண்டிப்பாக இருப்பதுதான் தப்பு. அந்தக் குட்டிக் கோடுகளின் முனைகள் நிஜமான மூலைகள் அல்ல. வளைவை உடைத்து எழுதியதில் வந்தவை. அவற்றை மழுக்கினால்தான் டிராயிங்கில் இருக்கும் வளைவு கிடைக்கும்.

நிறுத்தவும் கூடாது, கட்டவிழ்க்கவும் கூடாது என்றால் எண் கொடுக்கும் வசதி வேண்டும். கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர் அதன் பெயர் வேறு. ஹாஸில் ஜி187, பி1 முதல் பி3 வரை ரஃப் முதல் ஃபினிஷ். ஈ போட்டு மூலையில் எவ்வளவு மழுங்கலாம் என்றும் சொல்லலாம். சீமென்ஸில் சைக்கிள்832. ஹைடன்ஹைனில் சைக்கிள் 32-இல் டி மதிப்பு. ஃபானுக்கில் ஆப்ஷன் வாங்கியிருந்தால் ஜி05.1 க்யூ1. லினக்ஸ்சிஎன்சி என்ற கன்ட்ரோலர் மென்பொருளில் ஜி64 பி0.02 என்றால் 0.02 மில்லிக்கு மேல் பாதையை விட்டு விலகாதே என்று அர்த்தம். அங்கே பி இல்லாமல் வெறும் ஜி64 எழுதினால், வேகத்துக்காக மூலையை எவ்வளவு வேண்டுமானாலும் மழுக்கிக்கொள்ளும்.

ஒரே சொல்லுக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் மாறுவதும் உண்டு. ஃபானுக்கின் ஜி61 வரிக்கு வரி நிற்கும். லினக்ஸ்சிஎன்சியின் ஜி61 பாதையை விட்டு விலகாது, தேவைப்பட்டால் மட்டும் நிற்கும்; கட்டாயம் நிற்க வேண்டும் என்றால் அங்கே ஜி61.1. கல்லூரிப் பையன்கள் வீட்டில் செய்யும், ஜிஆர்பிஎல் என்ற கன்ட்ரோலர் மென்பொருளில் ஓடும் ரௌட்டர்களில் ஜங்ஷன் டீவியேஷன் 0.010 என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூலையில் வேகத்தை எவ்வளவு குறைப்பது என்று கணக்குப் போட மட்டும் அந்த எண். பாதை அதனால் விலகாது.

என் அளவுகோல் எளிது. சிவப்பு வரிகளுக்கு, டிராயிங் டாலரன்ஸில் ஐந்தில் ஒரு பங்கை பாதைக்குக் கொடுப்பேன். மிச்சம் டூல் வளைவுக்கும் சூட்டுக்கும் வேண்டும். பச்சை வரிகளுக்கு, ஃபினிஷிங்குக்கு விட்ட கனத்தில் பாதிவரை தாராளம்.

படி 5: வேகம் — இங்கே மெஷின் மீறலாம், நீலத்தைத் தவிர

எஃப்1800 என்பதை ஆணையாக எடுக்காதீர்கள், உச்சவரம்பாக எடுங்கள். மூலையில் கன்ட்ரோலர் குறைத்துக்கொள்வது நியாயம். சத்தம் மாறுகிறது என்று ஆப்பரேட்டர் ஓவர்ரைடு நாபைத் (ஃபீட்டைச் சதவீதத்தில் கூட்டிக் குறைக்கும் திருகு) திருப்புவதும் நியாயம். மெஷின் பக்கத்தில் நிற்பவனின் காது, புரோகிராம் எழுதியவனின் கால்குலேட்டருக்கு மேல்.

நீலம் வேறு. எம்8 டேப், பிட்ச் 1.25, ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 400 சுற்று என்றால் ஃபீட் 500 ஆகத்தான் இருக்க வேண்டும். நாபை 80 சதவீதத்துக்குத் திருப்பினால் ஃபீட் 400 ஆகும், டேப்போ சுற்றுக்கு 1.25 மில்லி இறங்கியே தீரும். ஒன்று த்ரெட் போகும், இல்லையென்றால் டேப் உடையும். அதனால் ஜி84 (டேப் போடும் சைக்கிள்) ஓடும்போது கன்ட்ரோலர் ஓவர்ரைடைக் கண்டுகொள்ளாது. ஃபீட் ஹோல்டை (நகர்வை நிறுத்தும் பொத்தான்) அழுத்தினாலும் டேப் வெளியே வந்த பிறகுதான் நிற்கும். லேத்தில் த்ரெட் வெட்டும்போதும் ஃபீட் ஓவர்ரைடு செல்லாது.

புதுப் பையன்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லுங்கள். அழுத்தியும் நிற்கவில்லை என்றால் பதறி எமர்ஜென்சியைத் தட்டுவார்கள், டேப் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஆள் கையோ துணியோ சிக்கியிருந்தால் யோசிக்காமல் எமர்ஜென்சிதான். டேப் போனால் போகட்டும்.

மேக்ரோ (மாறிகள் வைத்து எழுதும் புரோகிராம்) எழுதுபவர்களுக்கு ஒரு சொல். #3004 என்ற மாறியை வைத்து ஃபீட் ஹோல்டையும் ஓவர்ரைடையும் முடக்க முடியும். முடக்கிய இடத்துக்கு இரண்டு மூன்று வரிக்குள் #3004=0 என்று திரும்ப எழுதியிருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த மேக்ரோவில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

படி 6: மெஷினால் முடியாதபோது

அச்சு அனுமதித்ததைவிட அதிகம் பின்தங்கினால் ஃபானுக்கில் 411 அலாரம், நிற்கும்போது விலகினால் 410. “நான் கேட்கத்தான் நினைக்கிறேன், உடம்பு ஒத்துழைக்கவில்லை” என்று மெஷின் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மெஷினில் ஒய் அச்சில் ஒருமுறை 411 அடிக்கடி வந்தது. பார்க்க வந்தவர் 1828-இல் வரம்பை உயர்த்திவிட்டுப் போய்விட்டார். அலாரம் நின்றது. இரண்டு வாரத்தில் வட்டமான போர் முட்டை வடிவத்துக்குப் போனது. கவரைக் கழற்றிப் பார்த்தால், ஒய் வழிக்குப் போகும் எண்ணெய்க் குழாய் அடைத்து, ஸ்லைடு காய்ந்து, ஓரத்தில் துருப்பொடி. கடல் பக்கத்தில் இருக்கும் ஊர்களில், கடலூரானாலும் புதுச்சேரியானாலும், இந்தத் துரு நிரந்தர விருந்தாளி. குழாயைச் சுத்தம் செய்து, 1828-ஐப் பழைய எண்ணுக்குத் திருப்பினோம். அலாரம் அதற்குப் பிறகு வரவில்லை. பாராமீட்டரில் கை வைப்பதற்கு முன் பழைய மதிப்பை நோட்டில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள். வந்தவர் எழுதாமல் போயிருந்தால் எனக்கு இன்னும் இரண்டு வாரம் போயிருக்கும்.

படி 7: கரண்ட் போய் வந்த பிறகு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எந்த மெஷினும் ஓடவில்லை, தப்பித்தோம். ஆபத்து சாதாரண நாளில் இரண்டு நிமிடம் போய் வரும் கரண்டில்தான். வந்தவுடன் விட்ட வரியிலிருந்து சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தக் கை துடிக்கும். கூடாது. கரண்ட் போனாலும் இடத்தை மறக்காத அளவியான அப்சல்யூட் என்கோடருக்கு அச்சு எங்கே என்று தெரியும். ஜி90-இல் இருந்தோமா, எந்த ஆஃப்செட் உயிரோடிருந்தது, ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருந்ததா, ஜாப் வைஸில் நகர்ந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

டேப் துளைக்குள் மாட்டியிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பாருங்கள். மாட்டியிருந்தால் இசட்டை ஜாகில் தூக்காதீர்கள். மெஷினில் டேப்பைத் திருப்பி எடுக்கும் வசதி இருந்தால் அதில், இல்லையென்றால் ஹோல்டரைத் தளர்த்திக் கையால். மாட்டவில்லை என்றால் இசட்டை மேலே கொண்டுபோய், அந்த டூலின் பாதுகாப்பு வரிக்குத் திரும்பி, ரேபிட் ஓவர்ரைடை (ஜி00 வேகம்) 25 சதவீதத்துக்கு இறக்கி, சிங்கிள் பிளாக் (வரிக்கு வரி நிற்கும் முறை) போட்டு, முதல் வெட்டு தொடும் வரை ஒரு விரல் ஃபீட் ஹோல்டின் மேல்.

எங்கள் ஷெட்டில் ஒவ்வொரு கன்ட்ரோலர் ஓரத்திலும் மாஸ்கிங் டேப்பில் மூன்று எண் எழுதி ஒட்டியிருக்கிறோம்: 3410-இன் மதிப்பு, 1828-இன் மதிப்பு, அந்த மெஷின் கடைசியாகப் போட்ட சோதனை பாக்கெட்டின் குறுக்களவு. இரவு ஷிப்டுக்கு வருபவர் முதலில் அதைப் படித்துவிட்டு, திரையில் இருப்பதோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் ஜாப்பை ஏற்ற வேண்டும்.